வீட்டுக்காரரைக் கடித்த அகிட்டா: ஒரு நிகழ்வு ஆய்வு

டைகர் (பெயரை மாற்றியிருக்கிறேன்) அமெரிக்க வகை அகிட்டா இன நாய். ஆண், மூன்று வயது, 46 கிலோ. குட்டியாக இருந்தபோதே இந்த வீட்டுக்கு வந்தவன். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம். இரண்டரை வயது வரை பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. வேறு ஆண் நாயைக் கண்டால் பாய்வான், கூப்பிட்டால் யோசித்துவிட்டுத்தான் வருவான், அவ்வளவுதான். அப்புறம் ஆறு மாதத்துக்குள் வீட்டுக்காரரை மூன்று முறை கடித்துவிட்டான். முதல் இரண்டும் பல் தோலில் பட்டதோடு நின்றவை. மூன்றாவதில் முன்கையில் இரண்டு துளை விழுந்தது. நாய் நடத்தை வல்லுநர் இயன் டன்பர் வகுத்த ஆறு நிலைக் கடி அளவுகோலில் இது 3ஆம் நிலை. ஒரே கடி, துளைகள் நான்குக்குள், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டி இறங்கவில்லை என்று அர்த்தம். பல்லை எவ்வளவு அழுத்துவது என்பதில் நாய்க்கு இன்னும் கட்டுப்பாடு இருக்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் மூன்றாவது தடவை கடி ஒரு படி ஏறியிருக்கிறது, அது கெட்ட செய்தி.

வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "சார், இவன் வீட்டுக்குத் தலைவனாகப் பார்க்கிறான். என்னையே முறைச்சு முறைச்சுப் பார்க்கிறான். இந்த இனமே அப்படித்தானாமே?" என்றார். அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் முதலில் வந்த ஒரு பயிற்சியாளர். அவர் தந்த வைத்தியம் பலருக்கும் தெரிந்ததுதான்: நாயைக் கவிழ்த்துப் போட்டு அமுக்கிப் பிடிப்பது, அது பார்வையை விலக்கும்வரை கண்ணோடு கண் பார்ப்பது, உறுமினால் கழுத்துச் சங்கிலியைச் சுண்டுவது, வாசலைத் தாண்டும்போது மனிதர்தான் முதலில் போவது. சில வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. பயிற்சி பலித்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியானார்கள். மூன்றாவது கடி அதற்குப் பிறகுதான் வந்தது, எந்தச் சத்தமும் இல்லாமல்.

உறுமலைத் தண்டித்தால் நாய் விட்டுவிடுவது உறுமலை மட்டும்தான். உறுமவைத்த காரணம் அப்படியே இருக்கும். அகிட்டாவில் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அதன் முகத்தைப் படிப்பதே கடினம். காது எப்போதும் விறைத்து முன்னால் சாய்ந்திருக்கும், வால் முதுகின் மேல் சுருண்டே கிடக்கும், அடர்ந்த முடியில் ரோமம் சிலிர்ப்பதும் சரியாகத் தெரியாது. ஒரு லேப்ரடார் வாலிலும் காதிலும் பத்துச் சேதி சொல்லும் இடத்தில் அகிட்டா இரண்டு சொன்னால் அதிகம். அந்த இரண்டில் ஒன்றான உறுமலை இந்த வீட்டில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

இனம் எவ்வளவு, நாய் எவ்வளவு

"அடக்கி ஆளும் குணமுள்ள இனங்கள்" என்று போடப்படும் பட்டியல்களில் அகிட்டா, சௌ சௌ, ராட்வைலர், டாபர்மேன், கங்கால், காக்கேசியன் ஷெப்பர்ட், கேன் கோர்சோ, ஜாக் ரஸ்ஸல் டெரியர் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. பிடிவாதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த நாயின் முன்னோர் என்ன வேலை செய்தன என்பதன் மிச்சம். துருக்கியின் கங்கால் ஆட்டு மந்தையோடு தனியாகக் கிடந்து, ஓநாய் வந்தால் யாரையும் கேட்காமல் முடிவெடுக்க வேண்டிய நாய். ஜாக் ரஸ்ஸல் நரியின் வளைக்குள் இறங்கியபின் மேலே நிற்பவரின் குரல் அதற்கு எந்தப் பயனும் இல்லை. வட ஜப்பானின் மதாகி எனப்படும் மலைவேட்டைக்காரர்கள் வைத்திருந்த கரடி வேட்டை நாய்களின் வழியில் வந்தது அகிட்டா. வேட்டைக்காரர் வந்து சேரும்வரை கரடியை மறித்து நிற்பது அதன் வேலை. பிற்காலத்தில் அதே வட்டாரத்தில் நாய்ச்சண்டைக்கு இறக்கி, தோசா, மாஸ்டிஃப் எனும் பெரிய நாய் இனங்களின் கலப்பும் ஏற்றினார்கள். இப்படிப்பட்ட நாய்கள் கட்டளைக்குக் காத்திருக்காததில் ஆச்சரியம் என்ன?

ராட்வைலரும் டாபர்மேனும் வேறு கதை. ஒன்று ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களோடு மாடு ஓட்டியது. மற்றது அதே நாட்டின் அபோல்டா நகரில் வரிவசூல் செய்த டாபர்மன் என்பவர் தனக்குத் துணையாக உருவாக்கியது. இரண்டும் மனிதனின் சொல்லுக்கு உடனுக்குடன் வேலை செய்த நாய்கள். உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994இல் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களிடம் கேட்டுத் தொகுத்த வரிசையில் டாபர்மேன் 5ஆம் இடம், ராட்வைலர் 9ஆம் இடம். அகிட்டா நடுவில் எங்கோ கிடக்கிறது, சௌ சௌ கிட்டத்தட்டக் கடைசி. உருவம் பெரிதாக இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம்.

2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு மரபணு ஆய்வு இதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணு படிக்கப்பட்டது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்கியது. சொன்ன பேச்சைக் கேட்கும் குணத்தை ஊகிக்க இனம் ஓரளவு உதவும். பயமோ அசௌகரியமோ வந்தால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதை ஊகிக்க இனம் ஏறக்குறைய உதவவே உதவாது. ஆக, டைகர் கூப்பிட்டதும் வராததற்கு அகிட்டா ரத்தத்தை ஓரளவு காரணம் காட்டலாம். வீட்டுக்காரரின் கையில் பல் பதித்ததற்கு அதைக் காரணம் காட்ட முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த இனத்தின் பெயர் கெட்டது நியாயம்தான். 2008இல் டஃபி, சூ, சர்ப்பெல் மூவரும் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத நாய்களைக் கடுமையாகத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட அகிட்டாக்கள் 20 சதவீதத்துக்கும் மேல். மனிதரைத் தாக்குவதில் அதே ஆய்வில் முன்னால் நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல். மூன்றையும் கக்கத்தில் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

தலைவன் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது. 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியது அதன் ஊற்று. அந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்தபின், 1999இல் தானே அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். பதவிக்கு அடித்துக்கொள்ளும் கும்பல் இல்லை. இதைவிட வீட்டுக்காரரை யோசிக்க வைத்தது 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் எண். நாயைக் கவிழ்த்து அமுக்கிப் பார்த்த உரிமையாளர்களில் 31 சதவீதம் பேரும், முறைத்துப் பார்த்தவர்களில் 30 சதவீதம் பேரும், நாய் பதிலுக்குச் சீறியதாகவோ கடித்ததாகவோ சொல்லியிருந்தார்கள். அவர் இரண்டையும் தினமும் செய்துகொண்டிருந்தார்.

பகலில் மட்டும்

கடிகளையும் உறுமல்களையும் நினைவிலிருந்து எழுதித் தரச் சொன்னேன். எங்கே, எத்தனை மணிக்கு, யார், கை எந்தப் பக்கத்திலிருந்து போனது என்று நான்கே கேள்விகள். பெரும்பாலும் இந்தத் தாளிலேயே பாதி விடை இருக்கும்.

மூன்று கடியும் பகலில் நடந்தவை. ஒன்று வாசலில், ஒன்று ஜன்னலோரம். கடைசிக் கடி சோபாவுக்குப் பின்னால். அங்கே நிழலில் படுத்திருந்தவனை வெளியே இழுக்க, வீட்டுக்காரர் தலைக்கு மேலிருந்து கையை இறக்கிக் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். உடம்பு ஒரு கணம் அசையாமல் இறுகியது, மறுகணம் கடி. இருட்டியபின் ஒரு சம்பவம்கூட இல்லை. இரவில் மகள் அவன்மேல் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பாள். "அவனுக்கு வெயில் ஆகாது சார், பகல்ல கட்டிலுக்கு அடியிலதான் கிடப்பான்," என்றார் வீட்டம்மா. அதை அவர் ஒரு செல்லப் பழக்கமாகச் சொன்னார்.

பதவிக்கு ஆசைப்படும் நாய் சூரியன் மறைந்ததும் ஆசையை விட்டுவிடாது. பகல் வெளிச்சத்தில் டைகரைக் கிட்டத்தில் பார்த்தபோது, வீட்டில் எல்லோரும் முறைப்பு என்று சொன்னது கண்ணைச் சுருக்குவது என்று தெரிந்தது. இரண்டு கண்ணிலும் இமை பாதி இறங்கியிருந்தது, உள்மூலையில் நீர் கோத்திருந்தது, வெண்விழி சிவந்திருந்தது. மூக்கின் கறுப்பு ஓரத்தில் கரைந்து ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது, இமை விளிம்பும் வெளிறியிருந்தது. மூக்கு வெளுத்ததைக் குடும்பம் முன்பே கவனித்திருக்கிறது. சில நாய்களுக்குக் குளிர்காலத்தில் மூக்கு வெளிறும் என்று எங்கோ படித்து, அதோடு விட்டுவிட்டார்கள்.

பயிற்சியை அங்கேயே நிறுத்தி, கண் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். அகிட்டா, இளம் வயது, கண் சிவப்பு, மூக்கில் நிறமிழப்பு என்ற நான்கும் சேர்ந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படும் நோய் ஒன்று உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய நிறமி அணுக்களையே தாக்கும் நோய் அது. மனிதரில் வோக்ட்-கோயனாகி-ஹரடா எனப்படுவதற்கு ஒப்பானது. நிறமி நிறைந்த கண்ணின் நடுப்படலம் அழற்சியால் வீங்கும், வெளிச்சம் பட்டாலே வலிக்கும். கூடவே மூக்கு, உதடு, இமை விளிம்பு வெளுக்கும். கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிரிந்தோ கண் அழுத்தம் ஏறியோ பார்வை போகும். இரண்டு கண்ணிலும் அழற்சி இருப்பதைப் பரிசோதனை காட்டியது, மூக்கோரத்தில் எடுத்த சிறு தோல் துணுக்கு நோயை உறுதி செய்தது. இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

வலிக்கும் கண், மங்கிய பார்வை, தலைக்கு மேலிருந்து திடீரென்று இறங்கும் கை. இதற்கு முன் அதே கை அவனைக் கவிழ்த்து அமுக்கியிருக்கிறது. கடிக்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. கடிக்க ஆரம்பித்த எந்த நாயையும் பயிற்சிக்கு முன்னால் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய விதி. பேர்பெற்ற முரட்டு இனம் என்றால் அந்த விதியைத்தான் முதலில் மறக்கிறோம். ஒரு பீகிள் இப்படிக் கடித்திருந்தால் யாராவது "எங்கேயாவது வலிக்குதோ?" என்று கேட்டிருப்பார்கள்.

கடிக்கிற நாய்க்குக் கண் சொட்டு

உண்மையான வேலை இங்கேதான் தொடங்கியது. மருத்துவர் எழுதிக் கொடுத்தவை பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின், அப்புறம் ஒரு நாளைக்குப் பல தடவை இரண்டு கண்ணிலும் ஸ்டீராய்டு சொட்டு. மாத்திரையைச் சாப்பாட்டில் மறைக்கலாம். சொட்டு? முகத்தருகே கை வந்தாலே கடிக்கும் 46 கிலோ நாயின் வலிக்கும் கண்ணில், தினமும், பல தடவை.

முதல் நாளிலிருந்தே சொட்டு போட்டாக வேண்டும், நாய் சம்மதிக்கும்வரை கண் காத்திருக்காது. அதனால் ஒரே காரியத்தை இரண்டு தடத்தில் நடத்தினோம். கட்டாயத் தடம் பின்கட்டு அறையில், ஒரு நீலத் துண்டின் மேல். அங்கே கூடை வடிவ வாய்மூடி போட்டு, வீட்டம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து அவனை அணைத்துப் பிடிக்க, மகன் பின்னாலிருந்து சொட்டு விடுவான். முடிந்ததும் பிடித்த தீனி, வேறு பேச்சில்லை. அவனுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் எங்கே, யார், என்ன என்பது மாறாமல் இருந்ததால் அந்தத் துண்டு இல்லாத இடமெல்லாம் அவனுக்குப் பத்திரமான இடமாக இருந்தது. வீட்டுக்காரரை இந்த வேலையில் சேர்க்கவே இல்லை. அவர் கைக்கும் நாய்க்கும் நடுவே ஏற்கெனவே போதுமான கணக்கு இருந்தது.

சம்மதத் தடம் கூடத்தில், திரை போட்ட மங்கலான வெளிச்சத்தில். ஒரு தாழ்வான முக்காலியின் மேல் மெத்தென்ற துணி. அவனாக வந்து தாடையை அதன்மேல் வைத்தால் தீனி. எடுத்துவிட்டால் எதுவும் இல்லை, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். தாடை நிலைத்து நிற்கப் பழகியபின் கை ஒரு முழ தூரத்தில் அசையும், பிறகு அரை முழத்தில், பிறகு கன்னத்தை மட்டும் தொடும். எந்தக் கட்டத்தில் அவன் தாடையைத் தூக்கினாலும் கை உடனே விலகிவிட வேண்டும். இதுதான் ஒரே சட்டம், மனிதர்களுக்குத்தான் இது கடினமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம்தானே" என்று மகன் ஒருமுறை கையை நீட்டிவிட்டான். டைகர் எழுந்து போனவன் மறுநாள் வரை அந்த முக்காலிப் பக்கமே வரவில்லை.

அவனுடைய பிடிவாதம் எங்களுக்கு உதவியதும் இங்கேதான். தூக்கினால் நிறுத்துவார்கள் என்பது உறுதியானதும் அவன் தாடையை வைத்திருக்கும் நேரம் கிடுகிடுவென்று கூடியது. எதற்கும் தலையாட்டும் நாய்கள் பிடிக்காவிட்டாலும் பொறுத்துக்கொண்டு கிடக்கும், நமக்கும் தெரியாது. இவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதனால் வைத்த தாடையை நம்ப முடிந்தது. சில வாரங்களில் காலைச் சொட்டு முக்காலிக்கு மாறியது, அப்புறம் மற்ற வேளைகளும். நீலத் துண்டை மடித்து வைத்தார்கள்.

வீட்டில் மாற்றியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் திரை. பக்கத்தில் போகுமுன் பெயர் சொல்லிக் குரல் கொடுப்பது. தொட்டால் தாடைக்குக் கீழே, மார்பில், பார்வை மீந்திருந்த வலது பக்கத்திலிருந்து. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதற்குப் பதில் மார்புப்பட்டையில் எப்போதும் தொங்கும் குட்டைக் கயிறு. முறைப்பதும் கவிழ்ப்பதும் அன்றோடு நின்றன. கருத்தடை செய்தால் அடங்குவானா என்று கேட்டார்கள். ஊர்சுற்றுவதும் காலைத் தூக்கி மூத்திரம் தெளிப்பதும் குறையலாம், வலியில் கடிப்பது அதனால் குறையாது என்றேன். அந்த யோசனையை ஒத்திப்போட்டார்கள்.

மருந்தே கொண்டுவந்த பசி

பிரெட்னிசொலோன் உயர்ந்த அளவில் போனால் நாய்க்கு அடங்காத பசி எடுக்கும், தாகம் கூடும், சில நாய்கள் எரிச்சல் படும். டைகர் இதுவரை சாப்பாட்டுக் கிண்ணத்தைக் காத்ததில்லை. மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் கிண்ணத்துக்கு அருகே போன மகளைப் பார்த்து உறுமினான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உறுமல் திரும்பிவிட்டதே! குடும்பத்துக்கு அப்படி இல்லை. வீட்டுக்காரர், "பார்த்தீங்களா சார், பழைய புத்தி," என்றார். மருந்துச் சீட்டின் தேதியையும் உறுமலின் தேதியையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மருந்தை நிறுத்தவும் முடியாது. ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லாமல் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. அதனால் அன்றைய உணவை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்து, கதவடைத்த அறையில் கொடுத்தார்கள். சாப்பிட்டு அவன் வெளியே வந்தபின்தான் கிண்ணம் எடுக்கப்படும். யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் தூரத்திலிருந்தே கிண்ணத்தைவிட ருசியான ஒரு துண்டை எறிந்துவிட்டுப் போவார்கள். சாப்பிடும்போது கிண்ணத்தில் கை விட்டுப் பழக்கினால் சரியாகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். இல்லாத பயத்தை உண்டாக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

மாத்திரையின் அளவு படிப்படியாகக் குறைந்தபோது பசியும் குறைந்தது, காவலும் தளர்ந்தது. கதவடைத்த அறை மட்டும் தொடர்கிறது.

இப்போது

வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. நோய் மீண்டும் தலையெடுக்கலாம் என்பதால் குறைந்த அளவில் மருந்து தொடர்கிறது, கண் அழுத்தம் அவ்வப்போது அளக்கப்படுகிறது. மூக்கு இன்னும் ரோஜா நிறம்தான். சிகிச்சை தொடங்கியபின் கடி இல்லை. ஒரே ஒருமுறை, இடப்பக்கமாகச் சத்தமில்லாமல் வந்த உறவுக்காரரைப் பார்த்துக் காற்றில் பல்லைக் கடித்திருக்கிறான். அதிலிருந்து விருந்தாளி வந்தால் வாய்மூடி அல்லது தனி அறை.

குணம் மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. கூப்பிட்டால் இன்றும் யோசித்துவிட்டுத்தான் வருகிறான். வேறு ஆண் நாயைக் கண்டால் இன்றும் கயிறு விறைக்கிறது, பார்வை குறைந்தபின் கொஞ்சம் முன்னதாகவே விறைக்கிறது. கயிறில்லாமல் வெளியே விடக்கூடாத நாய், கடைசிவரை அப்படித்தான். வீட்டுக்காரரிடம் அவனாகப் போய்ச் சாய்வது சமீபத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் இரவில்.

கடைசியாகப் பேசியபோது, அவனுக்குத் துணையாக ஒரு ஆண் அகிட்டாக் குட்டி வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு பக்கம் பார்வையில்லாத, ஆண் நாய்களைப் பொறுக்காத, ஸ்டீராய்டில் இருக்கும் நாயின் வீட்டுக்குள், ஒன்றரை வயதில் அதே எடைக்கு வளரப்போகும் இன்னொரு ஆண் நாய். பெண் குட்டி என்றால் பரவாயில்லையா என்றார். கண் ஓர் ஆண்டாவது அடங்கி இருக்கட்டும், அப்புறம் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.